டிஸ்க் சொல்வதும் சொல்லாததும்

வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் சர்வீஸ் கடையில் முதலில் விழும் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்: “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்.” சில நேரம் அது உண்மை. சில நேரம் மலிவான கேபிளோ, சரியாக உட்காராத ரேமோ, தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸோ செய்த குற்றத்துக்கு டிஸ்க் பழி சுமக்கும். இதற்கு மறுதலையான தவறும் உண்டு. டிஸ்க் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். அதன் நிலையைக் காட்டும் மென்பொருளோ பச்சை வண்ணத்தில் ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் போன பிறகு, “போன வாரம்கூடப் பார்த்தேன், நல்லா இருக்குன்னுதானே காட்டுச்சு” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அந்தப் பச்சை எதை உறுதி சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்பதில்தான் சிக்கல்.

பழுது வருமுன் எச்சரிக்கும் டிஸ்க் என்ற எண்ணம் வீட்டுக்காகப் பிறந்ததல்ல. 1992இல் ஐபிஎம் தன் ஏஎஸ்/400 சர்வர்களுக்கான 9337 டிஸ்க் தொகுப்பில் அப்படியொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காம்பாக் நிறுவனம் சீகேட், குவாண்டம், கானர் ஆகிய தயாரிப்பாளர்களுடன் சேர்ந்து இன்டெல்லிசேஃப் என்ற இன்னொன்றை உருவாக்கி, 1995இல் அதைப் பொதுத் தரமாக்க முன்வைத்தது. இன்று ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டிலும் இருக்கும் ‘ஸ்மார்ட்’ இவற்றின் வாரிசு. டிஸ்க் தன்னைத் தானே கவனித்து ஓர் அட்டவணை எழுதிவைக்கிறது: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர்களைக் கைவிட்டது, எத்தனை முறை படிக்க முடியாமல் போனது, இப்போது என்ன சூடு. ஹார்ட் டிஸ்க் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பரீட்சை மதிப்பெண் மாதிரி 100இலிருந்தோ 200இலிருந்தோ கீழே இறங்குவது. இன்னொன்று, அது எதுவரை இறங்கினால் ‘தோல்வி’ என்று தயாரிப்பாளர் போட்டுவைத்த எல்லை. மூன்றாவது, எந்தத் திருத்தமும் இல்லாத அசல் எண்ணிக்கை. டிஸ்க் தானே தரும் தீர்ப்பு முதல் இரண்டை மட்டும் ஒப்பிட்டு வருவது. அசல் எண்ணிக்கை அதில் நேரடியாகச் சேர்வதில்லை.

எல்லையை எங்கே வைப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். இதில் அவருக்கு ஒரு கவலை உண்டு: எல்லை கறாராக இருந்தால் நல்ல டிஸ்க்குகளும் வாரண்டியில் திரும்பி வரும். ஆகவே வீண் எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் எல்லையைத் தாழ்வாக வைத்தார்கள். விளைவு என்ன என்பதை கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜோசஃப் மரே, கார்டன் ஹியூஸ், கென்னத் க்ரூட்ஸ்-டெல்காடோ மூவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரை பதிவு செய்கிறது: தயாரிப்பாளர்களின் மதிப்பீட்டின்படியே, சாகப்போகும் டிஸ்க்குகளில் 3 முதல் 10 சதவீதத்தைத்தான் இந்தத் தீர்ப்பு முன்கூட்டிப் பிடிக்கும். சிவப்பு விழுந்தால் நம்பலாம். பச்சை தரும் உறுதி மிகச் சிறியது.

அசல் எண்ணிக்கையைப் படித்தால் இதைவிடத் தேறுமா? இதற்குப் பெரிய அளவில் விடை வந்தது 2007 பிப்ரவரியில், ஃபாஸ்ட் என்ற சேமிப்பகத் தொழில்நுட்ப மாநாட்டில். ஒரே மாநாட்டில் இரண்டு கட்டுரைகள். இரண்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளைப் பார்த்தவை.

முதலாவது கூகுளின் எட்வார்டோ பின்யேரோ, வுல்ஃப்-டீட்ரிச் வெபர், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ எழுதியது. டிஸ்க்கின் மேற்பரப்பைத் துழாவிப் பார்க்கையில் முதல் பிழை தென்பட்டதும், அடுத்த 60 நாளில் அந்த டிஸ்க் சாகும் வாய்ப்பு பிழையே இல்லாத டிஸ்க்கைப்போல 39 மடங்கு என்று கண்டார்கள். கெட்ட செக்டருக்குப் பதிலாக உபரி செக்டரை எடுத்துக்கொண்ட முதல் நிகழ்வுக்குப் பிறகு 14 மடங்கு. ‘சந்தேகத்துக்குரியது’ என்று ஒரு செக்டர் குறிக்கப்பட்ட பிறகு 16 மடங்கு. ஆக அசல் எண்களுக்கு நிஜமாகவே பொருள் இருக்கிறது. ஆனால் அதே கட்டுரையில் தலையில் தட்டி உட்காரவைக்கும் இன்னொரு கணக்கும் இருந்தது: செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. பாதிக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் போயின.

இரண்டாவது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் எழுதியது. டிஸ்க்கின் விவரத்தாளில் சராசரி ஆயுள் பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள்; அதாவது 114 ஆண்டுகள். இதை ஆண்டுக் கணக்காக்கினால் நூற்றுக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது. களத்திலோ ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை. மாற்றப்பட்ட டிஸ்க் எல்லாம் செத்த டிஸ்க் அல்ல, இதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தாலும் ஒரு பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது. முதல் வருடம் தாண்டிவிட்டால் ஐந்து வருடம் கவலையில்லை என்பார்களே, அந்தச் சமதளம் தரவில் காணவில்லை. வயது ஏற ஏற மாற்றும் விகிதமும் ஏறிக்கொண்டே போனது.

ஆன்லைன் பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகளின் அன்றாட ஸ்மார்ட் பதிவுகளைப் பொதுவில் வைத்துவருகிறது. அட்டவணையில் அவர்கள் கவனிப்பது இந்த எண்கள் இட்ட ஐந்து வரிகளை மட்டும்: 5, 187, 188, 197, 198. 2016இல் அவர்கள் தந்த கணக்குப்படி, செத்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஏதாவதொன்று பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதத்தில் மட்டுமே அப்படி. கூகுளின் 44க்கும் (56 போக மீதி) இவர்களின் 76.7க்கும் முரண் என்று சிலர் எழுதுகிறார்கள். அளந்த வரிகள் வேறு, டிஸ்க் மாடல்கள் வேறு, ‘செத்தது’ என்பதற்கு வைத்த வரையறையும் வேறு. நான் எடுத்துக்கொள்வது இரண்டிலும் பொதுவானதை: நாலில் ஒன்றோ இரண்டில் ஒன்றோ, எச்சரிக்கையே இல்லாமல் போகும் டிஸ்க்குகள் கணிசமாக உண்டு.

வீட்டில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்ப்பவருக்கு இந்த ஐந்தில் மிகவும் புரியவேண்டியது 197. ‘முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்’ என்பது அதன் சாரம். ஒரு செக்டரைப் படிக்கப்போகும்போது பிழைதிருத்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று வையுங்கள். டிஸ்க் பலமுறை முயன்று பார்த்துக் கைவிடுகிறது. உடனே உபரி செக்டருக்கு மாற்றிவிடலாமே என்றால் முடியாது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் எதை மாற்றுவது? அதனால் அதைக் காத்திருப்புப் பட்டியலில் போடுகிறது. அந்த இடத்தில் மறுபடி எதையாவது எழுதும்போது தீர்ப்பு நடக்கும். எழுதியது சரியாகப் படிக்க வந்தால் செக்டர் விடுதலை, 197 ஒன்று குறையும். வராவிட்டால் உபரிக்கு மாற்றம், 5ஆம் வரி ஏறும். 4,096 பைட் செக்டர் உள்ள சில மாடல்களில் முதல் கோளாறிலேயே 197 எட்டைக் காட்டும். பதற வேண்டாம்; பழைய 512 பைட் கணக்கில் எண்ணுவதால் ஒரே செக்டர் எட்டாகிறது.

மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இதை இன்னும் நுணுக்கமாகப் படிக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் செக்டர் பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றுவிடலாம். தட்டில் கீறல் எதுவும் இல்லை. ஆனாலும் 197 ஏறும். மறுபடி எழுதியதும் இறங்கிவிடும், 5 அசையாது. இப்படி ஒரே ஒருமுறை ஏறி இறங்கிய டிஸ்க்கை நான் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். இந்த மாதம் 8, அடுத்த மாதம் 24, அதற்கடுத்து 5ஆம் வரியும் அசைகிறது என்றால் அது வேறு கதை. எண் எவ்வளவு என்பதைவிட நகர்கிறதா என்பதே கேள்வி. அதனால்தான் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்து மூடுவதால் பயன் குறைவு. தேதி போட்டு எங்கேயாவது குறித்துவைத்தால்தான் அட்டவணை பேசும்.

பயமுறுத்தும் வரிகளும் உண்டு. சீகேட் டிஸ்க்குகளில் 1ஆம் வரியின் அசல் எண் கோடிகளில் நிற்கும். அது வெறும் பிழைக் கணக்கல்ல. எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதும் அதற்குள் சேர்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்து டிஸ்க் மாற்றினால் பணம்தான் வீண்.

எண்களே பொய் சொல்லவும் கூடும். செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்துவிட்டால் எல்லா செக்டரிலும் புதிதாக எழுதப்பட்டு 197 பூஜ்யத்துக்கு வரலாம். வாங்குகிறவர் 5ஐப் பார்க்க வேண்டும். 2025இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் இன்னும் பெரிய மோசடி வெளிவந்தது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஓடிய நேரம் பூஜ்யமாக்கப்பட்டு, புதியவை என்று கடைகளில் விற்கப்பட்டிருந்தன. ஃபார்ம் என்ற தனிப் பதிவேட்டில் உண்மையான மணிக்கணக்கு மிச்சமிருந்ததால் பிடிபட்டது.

இதுவரை பார்த்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒரு குறை உண்டு: அவை தரவு மையங்களில் நடந்தவை. குளிரூட்டிய அறை, சீரான மின்சாரம், ஓயாத வேலை. கூகுள் கட்டுரை சூட்டுக்கும் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்று சொன்னதும், டிஸ்க்குக்குச் சூடு ஒரு பொருட்டே அல்ல என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் பார்த்த சூட்டின் வீச்சுக்குள் அது சரி. மிக அதிகச் சூட்டில் நிலைமை மாறுவதையும் அதே கட்டுரை குறிப்பிடுகிறது. மே மாதச் சென்னையில் மரப் பெட்டிக்குள் அடைத்துவைத்த சிபியூவுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து பொருத்துவது துணிச்சல்.

வீட்டுக் கம்ப்யூட்டரையே எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மைக்ரோசாஃப்டின் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டூசர், வின்ஸ் ஓர்கொவன் 2011இல் வெளியிட்டது. விண்டோஸ் அனுப்பிய கிராஷ் அறிக்கைகளை வைத்து சுமார் பத்து லட்சம் பயனர் கம்ப்யூட்டர்களை ஆராய்ந்தது. எட்டு மாதக் கவனிப்பில், குறைந்தது 30 நாள் அளவுக்கு ஓடியிருந்தவற்றில், டிஸ்க் கோளாறால் ஒரு தடவை கிராஷ் ஆகும் வாய்ப்பு 270இல் ஒன்று. ஒரு தடவை ஆகிவிட்டால் மறுபடி ஆகும் வாய்ப்பு 3.5இல் ஒன்று! ஓவர்கிளாக் செய்தவை மோசம். லேப்டாப்பைவிட டெஸ்க்டாப் அதிகம் பழுதாகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டரைவிட அசெம்பிள் செய்தவை அதிகம் பழுதாகின்றன. ரிட்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவர்களுக்கு இது கசக்கலாம். கிராஷ் ஆகியும் அறிக்கை அனுப்பப் பிழைத்திருந்த கம்ப்யூட்டர்கள் மட்டுமே இதில் வரும் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். “ஏதோ ஒருவாட்டி ஹேங் ஆச்சு, ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு” என்று விட்டுவிடுவதற்கு எதிராக இதைவிட வலுவான சான்று கிடையாது.

அப்படியானால் முதல் தடவையே யாரைச் சந்தேகிப்பது? டிஸ்க் என்று கைகாட்டுமுன் பார்க்கவேண்டிய வரி 199. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் பயணிக்கும் தரவு வழியில் சிதைந்த கணக்கு அது. அது ஏறினால் முதல் சந்தேகம் சாட்டா கேபிளின் மேல். கழற்றி மாட்டுங்கள், அல்லது புதிது போடுங்கள். இந்த எண் பழைய நிலைக்குத் திரும்பாது. கேபிள் மாற்றிய பின் அங்கேயே நின்றுவிட்டால் வேலை முடிந்தது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7ஆம் எண் பதிவு வந்தால் கெட்ட செக்டர். 153 வந்தால் படிக்கவோ எழுதவோ மறுமுயற்சி தேவைப்பட்டிருக்கிறது, அது கேபிளாகவும் இருக்கலாம். கெர்னல்-பவர் 41 என்றால் முறைப்படி அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது என்று மட்டுமே பொருள். கரண்ட் போகும்போதெல்லாம் யூபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. கரண்ட் போகாமலே ஆகிறது, அதுவும் கேம் ஆடும்போது மட்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். அதன் 12 வோல்ட் வரி 11.4க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதும் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால் மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரிதான். சிஆர்2032 என்று கேட்டால் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும்.

ரேம்தான் நயவஞ்சகன். ஷ்ரோடர், பின்யேரோ, வெபர் மூவரும் 2009இல் கூகுள் சர்வர்களின் ரேமை ஆராய்ந்தபோது ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை கண்டார்கள். அந்த சர்வர்களில் பிழைதிருத்தும் ரேம் இருந்தது. வீட்டு ரேமில் பெரும்பாலும் அது இல்லை. ஒரு பிட் புரண்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பிட் ஒரு போட்டோவுக்குள் போய் டிஸ்க்கில் எழுதப்பட்டால், டிஸ்க் அதைப் பத்திரமாக, கெட்டது கெட்டபடியே காப்பாற்றும். ஸ்மார்ட் அட்டவணையில் ஒரு கறையும் இருக்காது. ஃபைல்கள் காரணமில்லாமல் கெடுகின்றன, ஜிப் திறக்க மறுக்கிறது, விண்டோஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது என்றால் டிஸ்க்கைத் தொடுமுன் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுவதே முறை. பிழை ஒன்று வந்தாலும் போதும். பிறகு ஒவ்வொரு பலகையாகக் கழற்றி எது என்று பார்க்கலாம்.

எஸ்எஸ்டிக்கு இந்த அட்டவணை வேறு மாதிரி. என்விஎம்இ வகையில் நேரடியாகவே ‘எத்தனை சதவீதம் தேய்ந்தது’, ‘உபரி எவ்வளவு மிச்சம்’, ‘தரவுப் பிழை எத்தனை’ என்று வரும். தேய்மானம் 100ஐத் தொட்டால் அன்றே செத்துவிடும் என்பதல்ல. தயாரிப்பாளர் உறுதியளித்த எழுத்து அளவு முடிந்தது என்று பொருள். வீட்டில் அந்த எல்லையைத் தொடுகிறவர்கள் அபூர்வம். ஷ்ரோடர் குழு 2016இல் கூகுளின் எஸ்எஸ்டிகளை ஆறு ஆண்டுத் தரவோடு ஆராய்ந்தபோது தேய்மானத்தைவிட வயதே பிழைக்கு நெருக்கமாக வந்தது. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவாகவே மாற்றப்பட்டன; ஆனால் நான்கு ஆண்டில் 20 முதல் 63 சதவீதம் எஸ்எஸ்டிகளில் திருத்த முடியாத பிழை ஒன்றாவது வந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் போல ‘டிக் டிக்’ சத்தம் கொடுத்து அவகாசம் தருவதில்லை. கன்ட்ரோலர் போனால் காலையில் பயாஸில் பெயரே இருக்காது. ஃபர்ம்வேர் தவறுகளும் உண்டு: 2012இல் க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டிகள் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் அடிக்கடி உறைந்தன, 2019இல் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டிகள் 32,768ஆவது மணியில் மொத்தமாகச் சாகும் என்று அவசர அறிவிப்பு கொடுத்தது. அந்த எண் 2இன் 15ஆம் அடுக்கு. தேய்மானம் எதுவும் இல்லாமல், கணக்கு நிரம்பிய நேரத்தில் சாவு. இரண்டுக்கும் மருந்து ஃபர்ம்வேர் அப்டேட். வீட்டில் அதைச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இவற்றையெல்லாம் பார்க்கக் காசு செலவில்லை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க்கின் சொந்தத் தீர்ப்பு ‘நலம்’ என்றாலும் 5, 197, 198இன் அசல் எண் பூஜ்யத்தைத் தாண்டினால் மஞ்சள் காட்டும் நல்ல பழக்கம் அதற்கு உண்டு. லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். ஈர்ப்பலைகளைத் தேடிக்கொண்டிருந்த புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர் 2002இல் தொடங்கியது அது. அதில் நீண்ட சோதனையை ஏவிவிட்டால் டிஸ்க் தன் முழுப் பரப்பையும் தானே படித்துப் பார்க்கும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இடையில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

டிஸ்க் உண்மையிலேயே சாகத் தொடங்கிவிட்டால் அதுவரை கற்ற வைத்தியத்தை நிறுத்த வேண்டும். ‘செக்டிஸ்க் ஆர் போடு’ என்பது கடையிலும் நண்பர் வட்டத்திலும் கிடைக்கும் முதல் ஆலோசனை. அது ஃபைல் அமைப்பைச் சீர்படுத்தும் கருவி. தள்ளாடும் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படித்து, கெட்ட இடத்தில் முட்டி முட்டி, கிடைக்கக்கூடியதையும் கிடைக்காமல் செய்துவிடும். சரியான கருவி அன்டோனியோ டியஸ் டியஸ் எழுதிய குனூ டிடிரெஸ்க்யூ. முதலில் எளிதாக வரும் பகுதிகளை எல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். கடினமான இடம் வந்தால் தாண்டிப்போகும். எது முடிந்தது எது மீதி என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துவைக்கும். எல்லாம் முடிந்த பிறகே கெட்ட இடங்களுக்குத் திரும்பும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீட்பு, பழுதுபார்ப்பு எல்லாம் அந்த நகலின் மேல்தான். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சீரான சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம். ஹெட் உடைந்திருக்கலாம், சுற்றச் சுற்றத் தட்டைச் சுரண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற நாட்டு வைத்தியம் இன்னும் சுற்றுகிறது. குளிர்ந்த தட்டில் ஈரம் படியும். மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

மேலே சொன்ன கண்காணிப்பு எதுவும் தொடாத டிஸ்க்குகள் வீட்டில் இன்னும் இருக்கின்றன: பேக்கப் என்று பெயர் சொல்லி பீரோவுக்குள் வைத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள். மின்சாரமே பாயாதபோது எந்த அட்டவணையும் எழுதப்படாது. ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி, எழுத்து ஆயுள் முழுதும் தீர்ந்துவிட்ட வீட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரி சூட்டில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும்தான்; ஆனால் நம் பீரோவுக்குள் 30 டிகிரி கோடையில் கிடைப்பதில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யூஎஸ்பி பெட்டிகளில் சில ஸ்மார்ட் தகவலை வெளியே விடுவதே இல்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸில் சாட் என்ற வகையைக் குறிப்பிட்டுக் கேட்டால் பல பெட்டிகள் வாய் திறக்கும். திறக்காவிட்டால் ஒரே வழி, ஆறு மாதத்துக்கொருமுறை மாட்டி, உள்ளே இருக்கும் எல்லா ஃபைலையும் ஒருதடவை முழுதாக இன்னொரு டிஸ்க்குக்குப் படித்தெடுப்பது. படிக்க வராத செக்டர் இருந்தால் அப்போதுதான் தெரியவரும்; நகலும் அதே வேலையில் கிடைத்துவிடும்.